பிபிசி மைக்ரோ, ஸ்பெக்ட்ரம், கமடோர் 64: ஒரே காலத்துக் கணினிகளின் உடல்கள் ஏன் இவ்வளவு வேறுபடுகின்றன?

பழைய விசை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இரண்டு வாரங்களாக என் மேசைமேல் மூன்று பழைய வீட்டுக் கணினிகள் அருகருகே இருக்கின்றன: ஒரு பிபிசி மைக்ரோ மாடல் பி, ஒரு 48கே இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம், ஒரு கமடோர் 64. அவற்றை இயக்கும் நேரத்தைவிட வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கும் நேரமே எனக்கு அதிகமாகிவிட்டது. முதலாவது 1981 டிசம்பரிலும், இரண்டாவது 1982 ஏப்ரலிலும், மூன்றாவது அதே ஆண்டு ஆகஸ்டிலும் வெளிவந்தவை. அதாவது ஒன்பது மாதங்களுக்குள் பிறந்த மூன்றும் 8 பிட் கணினிகள். மூன்றும் வீட்டுத் தொலைக்காட்சியைத் திரையாகவும் கேசட் ரெக்கார்டரைச் சேமிப்பாகவும் பயன்படுத்தக் கூடியவை. இருந்தும் ஒன்றை இன்னொன்றின் உறவென்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

பிபிசி மைக்ரோ வெளிர்நிறத்தில், மேசையில் முக்கால்வாசியை எடுத்துக்கொண்டு, கருமையான விசைகளுக்கு மேலே செம்மஞ்சள் வரிசை ஒன்றுடன் கம்பீரமாக இருக்கிறது. ஸ்பெக்ட்ரம் ஒரு பாடநூலின் அளவுதான். கறுப்பு உடல், சாம்பல் நிற ரப்பர் விசைகள், வலது மூலையில் சாய்வாக நான்கு நிறக் கோடுகள். கமடோரோ மண்நிறத்தில், முதுகு வளைந்து, எதையோ விழுங்கிவிட்டுப் படுத்திருப்பது போலத் தோன்றுகிறது.

என் சார்பை முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறேன். 1980களின் நடுவில் இந்திய அரசு பள்ளிகளுக்காகத் தொடங்கிய ‘கிளாஸ்’ கணினிக் கல்வித் திட்டத்தில் பிபிசி மைக்ரோவைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். நான் முதன்முதலில் தொட்ட கணினியும் அதுவே. ஆகவே மூன்றில் அதுவே சிறந்த வடிவமைப்பு என்று எனக்குத் தோன்றுவதில் நினைவின் பங்கு எவ்வளவு, கண்ணின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய முடியவில்லை. விளையாட்டுகளையும் ஒலியையும் ஒதுக்கிவைத்துவிட்டு, வெளித்தோற்றத்தை மட்டும் வைத்து உங்கள் தீர்ப்பைச் சொல்லுங்கள். இவ்வளவு வேறுபாட்டுக்குக் காரணம் வடிவமைப்பாளர்களின் ரசனை மட்டும்தானா?


செம்புக்கம்பி எழுதியது:

ரசனை மட்டுமல்ல, ஐயா. வீட்டு மின்சாரம் எந்த இடத்தில் தாழ்ந்த மின்னழுத்தமாக மாறுகிறது என்று ஒவ்வொரு கணினியிடமும் கேளுங்கள். உங்கள் கேள்விக்குப் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

பிபிசி மைக்ரோவில் சுவரிலிருந்து வரும் 240 வோல்ட் நேராகக் கூட்டுக்குள் நுழைகிறது. அதைத் தாழ்ந்த மின்னழுத்தமாக மாற்றும் பவர் சப்ளை உள்ளே இடப்புறத்தில் ஒரு தனிப் பெட்டியாக அமர்ந்திருக்கிறது. அதற்கு இடம் வேண்டும், அதன் சூடு வெளியேற வழி வேண்டும், கை தவறிப் படாதபடி தடுப்பு வேண்டும். தொடக்கத்தில் வந்தவற்றில் பழைய முறை பவர் சப்ளை இருந்து அளவுக்கு மீறிச் சூடானதால் பின்னர் மின்சாரத்தை வேகமாக விட்டுவிட்டு இயக்கிச் சூட்டைக் குறைக்கும் ஸ்விட்ச் மோட் வகைக்கு மாறினார்கள். இத்தனையையும் அடக்கிய கூடு சிறியதாக இருக்க வாய்ப்பே இல்லை. அதற்குக் கிடைத்த ஆதாயமும் உண்டு: மேசைக்கு ஒரே ஒரு மின்கம்பிதான் வருகிறது; வட்டு இயக்கிக்குத் தேவையான மின்சாரத்தைக்கூடக் கணினியின் அடிப்பக்கத்திலுள்ள ஒரு துளையிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

ஸ்பெக்ட்ரமும் கமடோரும் அந்தச் சுமையைத் தரைக்குத் தள்ளிவிட்டன. நாம் பார்த்து வியக்கும் ஸ்பெக்ட்ரத்தின் மெலிவு, மேசைக்கு அடியில் கிடக்கும் பவர் சப்ளை என்ற கறுப்புக் கட்டியின் தயவில் நிற்பது. கமடோரின் கட்டி இன்னும் மோசம். பிசின் ஊற்றி அடைத்த அதைத் திறந்து பழுதுபார்ப்பதே பெரும்பாடு. விளம்பரப் படங்களில் இந்தக் கட்டிகளைப் பெரும்பாலும் காட்டுவதில்லை. காட்டாத பொருளும் வடிவமைப்பின் பகுதிதான் என்பது என் வாதம்.

இதே புதிருக்கு வேறு விடைகளும் இருந்தன. 1977-இல் வந்த ஆப்பிள் 2-க்கு ராட் ஹோல்ட் ஸ்விட்ச் மோட் பவர் சப்ளை ஒன்றை வடிவமைத்தார். சூடு குறைந்ததால் விசிறி தேவைப்படவில்லை. ஜெர்ரி மனாக் வரைந்த அந்தத் தாழ்ந்த, சாய்வான கூடு சத்தமில்லாமல் வீட்டுக்குள் வர முடிந்தது அதனால்தான். 1984-இல் ஆம்ஸ்ட்ராட் சிபிசி 464 இன்னொரு வழியைப் பிடித்தது: பவர் சப்ளையைத் திரைக்குள் வைத்து, அங்கிருந்து விசைப்பலகைக்கு மின்சாரத்தைக் கொடுத்தது. கேசட் இயக்கியும் விசைகளுக்கு வலப்புறம் கூட்டோடு சேர்ந்தே இருந்ததால், வீட்டுக்கு வாங்கி வந்து ஒரே ஒரு பிளக்கைச் செருகினால் வேலை முடிந்தது. நீளமாக, பார்க்கச் சற்று அருவருப்பாக இருந்தாலும், கம்பிகளையும் சேர்த்துப் பார்த்தால் அந்தத் தலைமுறையிலேயே ஒழுங்கான மேசை அதனுடையதுதான்.

பிபிசி மைக்ரோவின் கூட்டை வரைந்தவர் ஆலன் பூத்ராய்ட். அவர் அதற்கு முன்பே லெக்சன் என்ற பெயரில் வந்த ஒலிபெருக்கிச் சாதனங்களை வடிவமைத்து அறியப்பட்டவர்; மெரிடியன் ஒலிக்கருவிகளின் தோற்றமும் அவருடைய கையிலிருந்து வந்ததே. தவிர்க்க முடியாத பருமனை அவர் மறைக்கப் பார்க்கவில்லை. விசைகளைச் சுற்றி அகலமான வெற்றிடத்தை விட்டு, அந்த வெளிர்நிறத்தை ஒரு படச்சட்டம் போலப் பயன்படுத்தினார். செம்மஞ்சள் விசைகளுக்கு மேலே ஒளிபுகும் பட்டை ஒன்று இருக்கிறதல்லவா? அதற்கடியில் காகிதத் துண்டைச் செருகி, எந்த விசைக்கு என்ன வேலை என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். பள்ளிக்கூடத்தை மனத்தில் வைத்து யோசித்த ஒருவருக்குத்தான் அது தோன்றும்.


அச்சுப்பட்டறை எழுதியது:

செம்புக்கம்பி அவர்கள் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அவர் சொன்ன கணக்கில் ஸ்பெக்ட்ரம் ஏதோ ஏமாற்று வேலை போல ஒலிப்பதை ஏற்க முடியவில்லை. பிளாஸ்டிக் வார்ப்புத் தொழிலில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மூன்றில் வடிவமைப்பு என்ற சொல்லுக்கு முழுத் தகுதியுடையது ஸ்பெக்ட்ரம்தான்.

அதை, அதே சின்க்ளேர் நிறுவனத்தின் முந்தைய கணினிகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1980-இல் வந்த இசட்எக்ஸ்80-இன் கூடு, சூடாக்கிய மெல்லிய வெள்ளைத் தகட்டை அச்சின்மேல் உறிஞ்சி இழுத்துச் செய்யப்பட்டது. அச்சுக்குச் செலவு குறைவு. ஆனால் பொருள் நொய்ந்து இருக்கும். அதன் பின்புறத்தில் காற்றுத் துளைகளைப் போலத் தெரியும் கறுப்புக் கோடுகள் உண்மையில் துளைகளே அல்ல, வெறும் தோற்றம். அடுத்த ஆண்டு இசட்எக்ஸ்81-க்கு வடிவமைப்பாளர் ரிக் டிக்கின்சன் வந்தார். கறுப்பு ஏபிஎஸ் பிளாஸ்டிக், உருக்கிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் அழுத்திச் செலுத்தும் இன்ஜெக்‌ஷன் மோல்டிங், கூர்மையான விளிம்புகள். உள்ளேயிருந்த சிப்புகள் இருபத்தொன்றிலிருந்து நான்காகக் குறைந்ததால் கூடும் இறுகியது. கட்டி முடித்த கணினியின் விலை 69.95 பவுண்டு. அந்த விலைக்குள் வார்ப்பு அச்சின் செலவையும் அடக்கி, பிரிட்டனின் டிசைன் கவுன்சில் விருதையும் வாங்கியது சாதாரணக் காரியமன்று.

இசட்எக்ஸ்81-இன் விசைப்பலகை, அழுத்தினால் மின்தொடர்பு ஏற்படும் வெறும் தட்டையான சவ்வு. விரலுக்கு எந்த அசைவும் தெரியாது. ஸ்பெக்ட்ரத்தில் அசையும் விசைகள் வேண்டும், ஆனால் தட்டச்சுப் பொறி போன்ற விசைப்பலகைக்குப் பணமில்லை என்ற நிலையில் டிக்கின்சன் கண்ட வழியைப் பாருங்கள். வழக்கமான விசைப்பலகையில் ஒவ்வொரு விசைக்கும் தனி மூடி, தனித் தண்டு, தனிச் சுருள்வில் என்று மொத்தம் நூற்றுக்கணக்கான உதிரிகள் சேரும். அவர் நாற்பது விசைகளையும் ஒரே ரப்பர் விரிப்பாக வார்த்து, துளையிட்ட உலோகத் தகடு ஒன்றின் வழியாக மேலே எட்டிப்பார்க்க வைத்து, அடியில் ஒரு சவ்வைப் போட்டு முடித்துவிட்டார். செத்த சதையைத் தொடுவது போல இருக்கிறது என்று பிரிட்டனில் கேலி செய்தார்கள். தொட்டால் அப்படித்தான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் விரிப்பு, தகடு, சவ்வு என்ற மூன்றே அடுக்குகளில் முழு விசைப்பலகையையும் முடித்துவிட்ட அந்தச் சிக்கனம் பட்டறைக்காரனின் கண்ணுக்கு ஓர் அழகு.

அந்த உலோகத் தகடுதான் கணினியின் முகமும்கூட. ஒரு விசைக்கு ஐந்தாறு வேலைகள். விசைமேல் சில, அதற்கு மேலே பச்சையில் சில, கீழே சிவப்பில் சில என்று எழுத்துகள் நெரிகின்றன. இத்தனை சொற்களை இவ்வளவு சிறிய பரப்பில் அச்சிட்டும் கண் திணறவில்லை என்றால், நிறங்களைப் பிரித்த கணக்கு சரியாக இருந்திருக்கிறது என்றுதான் பொருள். மூலையிலுள்ள சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலப்பச்சைக் கோடுகளும் வெறும் அலங்காரமல்ல. இசட்எக்ஸ்81-க்குக் கறுப்பு வெள்ளைதான் தெரியும், இதற்கு நிறம் தெரியும் என்பதைக் கடைக் கண்ணாடிக்கு வெளியே நிற்பவனுக்கும் சொல்லிவிடுகின்றன.

குறைகளும் இருக்கின்றன. மின்சாரத்துக்குச் சுவிட்சே இல்லை. அணைக்க வேண்டுமானால் கம்பியைப் பிடுங்க வேண்டும். பின்புறத்தில் சர்க்யூட் போர்டின் விளிம்பு அப்படியே வெளியே தெரிகிறது. இசட்எக்ஸ்81-இல் அந்த விளிம்பில் செருகிய நினைவகப் பெட்டி லேசாக ஆடினாலே கணினி நின்றுவிடும். மணிக்கணக்காக உள்ளிட்ட நிரல் ஒரு நொடியில் போய்விடும். மக்கள் பசைமண் வைத்து ஒட்டி ஓட்டினார்கள். அழகான முன்புறத்தைச் செய்தவர்கள் பின்புறத்தில் கூடுதலாக ஒரு பவுண்டு செலவழித்திருக்கலாம்.


முதுகு வளைந்தவன் எழுதியது:

கமடோருக்காக யாரும் பேசவில்லை என்பதால் இந்தச் சிறு குறிப்பு. கமடோர் 64-இன் உடலை 1982-இன் வடிவமைப்பாக எடுத்துக்கொள்வதே பிழை. அது அதே நிறுவனத்தின் முந்தைய கணினியான விக் 20-இன் உடல். நிறத்தை மாற்றி, பெயர்ப்பட்டையை மாற்றி, புதிய போர்டை உள்ளே வைத்தார்கள். ஆங்கிலத்தில் அதை ரொட்டிப் பெட்டி என்று அழைப்பார்கள். ஆனால் விசைகளைத் தட்டிப் பாருங்கள்: 66 விசைகள், ஒவ்வொன்றும் தனித்து இயங்குபவை, வரைகலைக் குறிகள் விசைகளின் முன்முகத்தில் பொறிக்கப்பட்டவை. மேல்முகம் சுத்தமாக எழுத்துக்கு விடப்பட்டிருக்கிறது. ஸ்பெக்ட்ரத்தின் நெரிசலுக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது. உயரம்தான் தொல்லை, மேசை விளிம்பிலிருந்து மணிக்கட்டைத் தூக்கியே வைத்திருக்க வேண்டும். 1986-இல் கமடோர் 64சி என்ற பெயரில் தட்டையான வெளிர்நிறக் கூட்டுக்கு மாற்றினார்கள். அது என் கண்ணுக்கு அலுவலகத் தொலைபேசி போல இருக்கிறது.


அலைவரிசை எழுதியது:

மேலே பேசியவர்கள் மின்சாரத்தையும் அச்சையும் சொன்னார்கள். சட்டத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனெனில் அட்லாண்டிக் பெருங்கடலின் இருகரைக் கணினிகளும் உடலளவில் வேறுபட்டதற்கு அதுவே முதன்மையான காரணம்.

கணினி எதுவானாலும் ஓரளவு வானொலி அலைகளைக் கசியவிடும். பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் கோடுகள் விழும். தொலைக்காட்சியோடு நேரடியாக இணையும் சாதனங்களுக்கு அமெரிக்காவின் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்சிசி 1970களில் மிகக் கடுமையான வரம்புகளை வைத்திருந்தது. ஆப்பிள் 2 இதிலிருந்து தந்திரமாக நழுவியது: கணினியின் படத்தைத் தொலைக்காட்சி அலையாக மாற்றும் மாடுலேட்டர் என்ற கருவியைத் தன்னோடு சேர்த்து விற்காமல், வேறொரு சிறு நிறுவனம் தனியாக விற்கும்படி விட்டுவிட்டது. கசிவைத் தடுக்க இறுக மூட வேண்டிய தேவை இல்லாததால்தான் அதன் மூடியைத் திருகாணி கழற்றாமல் தூக்க முடிகிறது. உள்ளே எட்டு விரிவாக்கச் செருகிடங்கள் திறந்து கிடக்கின்றன.

அட்டாரிக்கு அந்த வழி இல்லை. தொலைக்காட்சியில் செருகி விளையாடுவதற்காகவே பெயர் பெற்ற நிறுவனம் அது. ஆகவே 1979-இல் வந்த அட்டாரி 400, 800 இரண்டுக்குள்ளும் தடித்த வார்ப்பு அலுமினியக் கவசம் இருக்கிறது. அட்டாரி 800-ஐக் கையில் தூக்கியவர்களுக்குத் தெரியும், அது பிளாஸ்டிக் ஆடை போட்ட இரும்புப்பெட்டி போலத்தான். கசிவு வந்துவிடும் என்பதற்காகவே வெளியே நீட்டும் செருகிடங்களைத் தவிர்த்து, சாதனங்கள் எல்லாவற்றையும் ஒரே தொடர்வழிக் கம்பியில் கோத்தார்கள். பின்னர் விதிகள் தளர்ந்தன. 1983-இல் 600எக்ஸ்எல், 800எக்ஸ்எல் இரண்டும் மெலிந்து, கரும்பழுப்பும் வெளிர்நிறமுமாக, வலப்பக்கத்தில் உலோகப் பளபளப்புள்ள விசைகளோடு வந்தன. என் கண்ணுக்கு 8 பிட் காலத்தின் அழகான கணினி 800எக்ஸ்எல்தான். கேள்வியில் அது இல்லாதது எனக்கு வருத்தமே.

கமடோர் 64-க்கும் அதே அமெரிக்க விதிகள்தான். அதைத் திறந்து பாருங்கள்: போர்டுக்கு மேலே அலுமினியத் தாள் ஒட்டிய அட்டை ஒன்று கிடக்கும். அட்டாரி வார்ப்பில் செய்த வேலையைக் கமடோர் அட்டையில் முடித்துவிட்டது. விலை 595 டாலருக்குள் நிற்க வேண்டுமென்றால் வேறு என்ன செய்வார்கள்!

பிரிட்டனில் அன்று இப்படிப்பட்ட நெருக்கடி இல்லை. ஸ்பெக்ட்ரம் இரண்டு மெல்லிய பிளாஸ்டிக் ஓடுகளுக்குள் வெறும் போர்டாக இருக்க முடிந்தது அதனால்தான். பிபிசி மைக்ரோவை அமெரிக்காவில் விற்கப் போனபோது அதற்குள் உலோகக் கவசங்களைச் சேர்க்க வேண்டியிருந்தது. நல்லவேளையாக பூத்ராய்ட்டின் கூட்டில் அதற்கு இடமிருந்தது. ஸ்பெக்ட்ரத்தில் அப்படிச் சேர்க்க நினைத்தால் எங்கே வைப்பது?


பழைய விசை எழுதியது:

நால்வருக்கும் நன்றி. உங்கள் பதில்களைப் படித்துவிட்டு அளவுகோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஸ்பெக்ட்ரம் 233 மி.மீ. அகலம், 144 மி.மீ. ஆழம், 30 மி.மீ. உயரம், கமடோர் 404 மி.மீ. அகலம், 216 மி.மீ. ஆழம், 75 மி.மீ. உயரம். ஒவ்வொன்றையும் ஒரு செவ்வகப் பெட்டியில் அடைத்ததாகக் கணக்கிட்டால் ஸ்பெக்ட்ரத்துக்கு ஒரு லிட்டர், கமடோருக்கு ஆறரை லிட்டர். பவர் சப்ளை வெளியே கிடக்கிறது, கவசமோ வெறும் அட்டை. அப்படியிருந்தும் அந்த ஆறரை லிட்டரில் கணிசமான பகுதி வெறும் காற்று என்பதை மூடியைத் திறந்தபோது கண்டேன். முதுகு வளைந்தவன் அவர்கள் சொன்னபடி அது கடன் வாங்கிய சட்டை என்று தெரிந்த பிறகு, அதன் தொளதொளப்பைக் குற்றம் சொல்ல மனம் வரவில்லை.

ஸ்பெக்ட்ரத்தைப் பற்றிய என் எண்ணத்தை அச்சுப்பட்டறை அவர்கள் மாற்றிவிட்டார்கள் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதை இதுவரை மலிவானது என்று நினைத்திருந்தேன். இப்போது சிக்கனமானது என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அவர் சுட்டிக்காட்டிய பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தபோது என் பழைய சார்பு சற்று வலுப்பட்டது. பிபிசி மைக்ரோவின் பின்புறத்தில் திரை, வண்ணத் திரை, தொடர்வழி, கேசட், ஆட்டக்கோல், பள்ளி வலையமைப்பு ஆகிய இணைப்புகள் பெயர் எழுதப்பட்டு வரிசையாக நிற்கின்றன. அச்சுப்பொறி, வட்டு இயக்கி போன்றவற்றின் அகன்ற பட்டைக் கம்பிகள் அடிப்பக்கத்திலிருந்து கிளம்புவதால் முன்னால் அமர்ந்திருப்பவருக்குத் தெரிவதே இல்லை. விசைகளுக்கு இடப்புறம், வெட்டி எடுப்பதற்கென்றே கோடிட்டு விட்ட ஒரு சதுரம் இருக்கிறது. பின்னாளில் ஏதாவது செருகலாம் என்று ஒதுக்கிய இடம். பிரிட்டனில் அதற்கு ஆஷ்ட்ரே என்று செல்லப்பெயராம். நாங்கள் பள்ளியில் அதைப் பென்சில் வைக்கும் இடம் என்று நினைத்து, எங்கள் ஆசிரியரிடம் திட்டு வாங்கியிருக்கிறோம்.

யாரும் சொல்லாத ஒன்று, முதுமை. நாற்பது ஆண்டுகளில் என் பிபிசி மைக்ரோவும் கமடோரும் மஞ்சள் பூத்துவிட்டன; தீப்பிடிக்காமலிருக்க அன்றைய ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் கலந்த புரோமின் சேர்மங்களும் புற ஊதா ஒளியும் செய்த வேலை அது என்கிறார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெயிலில் வைத்து வெளுப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் துணிச்சல் வரவில்லை, செம்மஞ்சள் விசைகளும் சேர்ந்து வெளுத்துவிடுமோ என்று பயம். கறுப்பு ஸ்பெக்ட்ரம் மட்டும் நிறம் மாறாமல் இருக்கிறது. அதன் உலோகத் தகட்டில்தான் ஓரங்களில் வண்ணம் உரிந்திருக்கிறது.

ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். மூன்றையும் ஒப்பிட்டு எடுத்த படங்கள் என்னிடம் இருக்கின்றன. அவற்றில் எதிலும் செம்புக்கம்பி அவர்கள் சொன்ன கறுப்புக் கட்டிகள் இல்லை, விளம்பரக்காரர்களைப் போல நானும் அவற்றைப் படத்துக்கு வெளியே தள்ளிவிட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கட்டிகளையும் கம்பிகளையும் மேசைமேல் தூக்கி வைத்து, முன்புறமும் பின்புறமுமாகப் புதிதாகப் படமெடுத்து இங்கே இடுகிறேன். அலைவரிசை அவர்களிடம் 800எக்ஸ்எல் இருந்தால் அதையும் அதே கோணத்தில் எடுத்து அனுப்ப வேண்டுகிறேன்.